யானைக் கயிறும் காரவெல்லமும்

ராஜாக்கள் தூங்கி எழுந்து சொன்னதெல்லாம் சட்டமாகிவிட்ட முன்னொரு காலத்தில், ஒரு ராஜா திடீரென்று ஆணையிட்டார்: "பட்டத்து யானைக்கு இனிமேல் தென்னைநார்க் கயிறு கூடாது. புளிச்சைச் செடியின் நார்தான். மீறித் திரிப்பவரை நாடு கடத்துங்கள்."

யானைக் கயிறு செய்தவர்கள் இரண்டு கூட்டாளிகள். திரிப்பவள் முத்தாயி. மேற்பார்வை காத்தமுத்து, அமைச்சரின் மைத்துனன். சேவகன் ஆணையைக் காத்தமுத்துவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். காத்தமுத்து அதை முத்தாயியிடம் சொல்லாமல் மறைத்துவிட்டான். முத்தாயி வழக்கம்போலத் தென்னைநாரில் திரித்துக் கொடுத்தாள். அவள் கையைக் கட்டிச் சபையில் நிறுத்திவிட்டார்கள்.

"எனக்கு யாரும் சொல்லலையே சாமி."

அமைச்சர் தாடியைத் தடவினார். "கூட்டுத் தொழிலில் ஒருவரிடம் சொன்னால் எல்லாரிடமும் சொன்னதாகும். தங்கள் சட்டம்தான், மன்னா. இவள் போகட்டும். கயிற்றுச்சாலையை என் மைத்துனன் பார்த்துக்கொள்வான்."

"சட்டம் சட்டம்தான்," என்றார் ராஜா. "பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டட்டும்."

அரண்மனை விகடக்காரி சடைச்சிக்குப் பொறுக்கவில்லை. முத்தாயியின் காய்த்துப்போன கைகளையே பார்த்தாள். உழைத்தவள் காட்டுக்கு, ஆணையை ஒளித்தவனுக்குக் கயிற்றுச்சாலையா? கத்தினால் தனக்கும் அதே எல்லைதான். எழுந்து மடைப்பள்ளிக்குப் போனாள்.

ராஜாவும் அமைச்சரும் கூட்டாக ஒரு கரும்பாலை வைத்திருந்தார்கள். அந்த ஆலை வெல்லத்தை உருட்டித் தட்டில் எடுத்து வந்தாள். நேராகப் போய் அமைச்சர் காதில் சொன்னாள்: "உங்கள் ஆலைச் சரக்கு. மன்னர் தின்பதற்கு. உள்ளே மிளகாய் அரைத்து வைத்திருக்கிறேன்."

ஒழிந்தது சனியன் என்று அமைச்சர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ராஜாவை எச்சரிக்கவில்லை.

சடைச்சி நீட்டிய தட்டிலிருந்து ராஜா ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டார். கண் சிவந்தது. மூக்கு ஒழுகியது. கை வாளுக்குப் போனது.

"யார் வேலை இது?"

"என் வேலைதான், மன்னா. ஆனால் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்."

"என்னிடம் சொல்லவில்லையே."

"தங்கள் ஆலைக் கூட்டாளியிடம் சொன்னேன். அப்படியானால் தாங்கள் தெரிந்தேதான் தின்றீர்கள்."

ராஜா திரும்பினார். "உமக்குத் தெரியுமா?"

"இவளைத் தாங்களே தண்டிக்கட்டும் என்றுதான்..." அமைச்சர் இழுத்தார்.

"அதற்கு என் நாக்கா கிடைத்தது? என்னை ஏமாற்ற நீர் மறைத்தது எனக்கு எப்படித் தெரிந்ததாகும்?"

"அதையேதான் நானும் கேட்கிறேன், மன்னா." சடைச்சி வாளைவிட்டுக் கண் எடுக்கவில்லை. "முத்தாயியை ஏமாற்ற அவள் கூட்டாளி மறைத்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததாகும்?"

ராஜாவின் கை வாளிலிருந்து இறங்கியது. பிறகு ராஜா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். "கட்டை அவிழுங்கள். கயிற்றுச்சாலை முத்தாயிக்கே. காத்தமுத்து எல்லை தாண்டட்டும்." கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சடைச்சியிடம் கொடுத்தார். "வேறென்ன வேண்டும், கேள்."

"உருண்டை மிச்சம் இருக்கிறது, மன்னா. அமைச்சர் தின்னட்டும். அவரிடம்தான் ஏற்கெனவே சொல்லியாயிற்றே."