கைதட்டலில் காணாமல் போன மூன்று பேச்சு

நாவல்மடு ஏரிக்கரையில் சிலுப்பன் என்று ஒரு வயதான முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு மறதி என்பதே கிடையாது. யார் என்றைக்கு என்ன சொன்னார்கள், எந்தக் காலை ஊன்றி நின்றுகொண்டு சொன்னார்கள் என்பது வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கும்.

அந்த ஞாபகத்தில் முதல் இடம் துள்ளிக்கு. துள்ளி ஒரு பெண் நீர்நாய். ஏரியில் வருடா வருடம் நடக்கும் நீச்சல் போட்டியில் மூன்று வருடமாக அதுதான் முதல்.

அந்தப் போட்டியைத் தொடங்கி வைக்கும் வேலை முன்பு சிலுப்பனுடையது. முதுகு முட்களை அது சடசடவென்று சிலுப்பினால் எல்லோரும் தண்ணீரில் குதிக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தது. துள்ளி முதன்முதலாக ஜெயித்த அன்று எல்லாம் போயிற்று.

ஜெயித்தவர் கரையில் உள்ள கருங்கல் மேல் ஏறி மூன்றே மூன்று பேச்சுப் பேசலாம். நாலாவது பேசினால் வெற்றி செல்லாது. அது ஏரியின் வழக்கம். மற்றவர்கள் எல்லாம் “உங்கள் ஆசி”, “என் அதிர்ஷ்டம்”, “வணக்கம்” என்று மூன்றையும் செலவழித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். துள்ளி அப்படிச் செய்யவில்லை.

“சிலுப்பன் ஐயா பாதித் தூக்கத்துல இருந்தார்! தூக்கத்துல ஒரு தடவை சிலுப்பினார், முழிச்சுப் பார்த்து இன்னொரு தடவை சிலுப்பினார்! முதல் சத்தத்துக்குக் குதிச்ச ஆமையைத் தப்பாட்டம்னு வெளியே அனுப்பினது அநியாயம்!”

ஏரியே சிரித்தது. வாத்துகள் தண்ணீரில் உருண்டு உருண்டு சிரித்தன. மறுநாளே அந்த வேலை மரங்கொத்திக்குப் போனது.

அன்றிலிருந்து சிலுப்பன் துள்ளியிடம் பேசுவதில்லை. துள்ளி எதிரில் வந்து “வணக்கம் ஐயா!” என்றால், முதுகைத் திருப்பி முட்களைக் காட்டும். ஆனால் ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு மட்டும் தவறாமல் வரும். கருங்கல்லுக்குப் பக்கத்திலேயே உட்காரும். துள்ளி பேசும் ஒவ்வொரு எழுத்தையும் காதில் வாங்கும்.

‘ஒரு பொய்! ஒரே ஒரு பொய் அது வாயிலிருந்து வரட்டும். அன்றைக்கு இருக்கிறது!’

மூன்று வருடமாக அந்த ஒரு பொய் கிடைக்கவில்லை. அதுவும் சேர்ந்து சிலுப்பனுக்குக் கோபம்.

மற்றவர்களுக்கோ துள்ளி என்றால் உயிர். பின்னே? படித்துறையை மறித்துப் படுத்திருந்த எருமைகளை முகத்துக்கு நேரே கேட்டது துள்ளிதானே! குரங்குகள் தின்றுபோட்ட பழத்தோலில் எல்லோரும் வழுக்கி விழுவதை மேடையில் சொன்னதும் துள்ளிதான். அதனால் அதற்கு ஒரு ரசிகர் மன்றமே இருந்தது. மணியன் என்ற தவளை அதற்குத் தலைவர்.

மன்றத்தார் எல்லோரும் கன்னத்தில் கோரைப்புல்லை ஒட்டிக்கொண்டு நீர்நாய் மீசை வைத்திருந்தார்கள். பெரிய தாமரை இலையில் துள்ளியின் உருவத்தைச் சேற்றால் வரைந்து, அதற்குத் தேன் அபிஷேகம் செய்தார்கள். அரை நாழிகையில் எறும்புகள் வந்து தலைவியின் மூக்கைத் தின்றுவிட்டன. அதற்கெல்லாம் மன்றம் அசரவில்லை. இரண்டாவது படம் வரைந்தது.

நான்காவது வருடப் போட்டி வந்தது. சிலுப்பன் வழக்கம்போல் கருங்கல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மணியனுக்குப் பொறுக்கவில்லை.

“பெரிசு, கொஞ்சம் தள்ளி உட்காருங்க! இது மன்றத்துக்கு ஒதுக்கின இடம்!”

“நீ வாலோடு நீந்திக்கிட்டிருந்த காலத்துல இருந்து நான் இங்கேதான்டா உட்கார்றேன்!”

“எங்க தலைவியைத்தான் உங்களுக்குப் பிடிக்காதே, அப்புறம் எதுக்கு வர்றீங்க?”

“தப்புக் கண்டுபிடிக்க வர்றேன். நீ எதுக்கு வர்றே?”

“கத்துறதுக்கு வர்றேன்!” என்றது மணியன் பெருமையாக.

மரங்கொத்தி மரத்தைக் கொத்தியது. எல்லோரும் தண்ணீரில் பாய்ந்தார்கள். வாத்து ஒன்று பாதி தூரம் வரை முன்னால் போனது. பிறகு ஒரு பழுப்பு நிறக் கோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனதுதான் தெரிந்தது. துள்ளி அக்கரையைத் தொட்டுத் திரும்பி வந்தபோது, மற்றவர்கள் அக்கரைக்கே போய்ச் சேரவில்லை!

துள்ளி உடம்பை உதறிக்கொண்டு கல் மேல் ஏறியது. பக்கத்தில் மாலையோடு நின்றது போட்டிக்குழுத் தலைவர் கூழைக்கடா. பெரிய அலகு, அதன்கீழே பெரிய பை, வெள்ளைச் சிறகு. பார்த்தாலே யாருக்கும் கும்பிடத் தோன்றும்.

துள்ளி வாயைத் திறந்தது. அவ்வளவுதான்!

“ஓஓஓஓ!” என்று மன்றம் எழுந்தது. “நெத்தியடி! நெத்தியடி!” என்று தவளைகள் கத்தின. “சொன்னா சொன்னதுதான்!” என்று வாத்துகள் இறக்கையால் தண்ணீரை அடித்தன. குரங்குகள் கிளைகளைப் பிடித்து உலுக்கின. இரண்டாவது பேச்சுக்கு இன்னும் அதிகச் சத்தம். மூன்றாவதற்கு, பாதி ஏரி மயங்கி விழுந்தது.

சிலுப்பன் மட்டும் காதைக் குவித்துக்கொண்டு, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு கேட்டது. மூன்று பேச்சும் தெளிவாகக் காதில் விழுந்தன. மூன்றாவதைக் கேட்டதும் அதன் முட்கள் தாமாகவே எழுந்து நின்றன.

கூழைக்கடாவும் பக்கத்தில் நின்றதால் கேட்டுவிட்டது. அது மாலையைக் கீழே போட்டது.

“நிறுத்துங்க! இவ என்ன சொன்னா தெரியுமா? இந்த ஏரி வெறும் சாக்கடையாம்! இதுல இருக்கிற நீங்க எல்லாம் புழுவாம்! இவ காலைத் தொடக்கூட உங்களுக்கு யோக்கியதை இல்லையாம்!”

கூட்டம் ஒரே நொடியில் அடங்கியது.

“நான் அப்படிச்...” என்று ஆரம்பித்தது துள்ளி.

“மூணு பேச்சு முடிஞ்சாச்சு! நாலாவது பேசினா வெற்றி செல்லாது!” என்று கூழைக்கடா அதட்டியது. “அதுவும் இல்லாம, தன் பேச்சுக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. கேட்டவங்க சொல்லட்டும். கேட்டவங்க யாரும் இல்லைன்னா, ஏரியை அவமதிச்ச குற்றத்துக்கு இவ பொழுது சாயறதுக்குள்ள ஏரியை விட்டே போகணும்!”

துள்ளி வாயை இறுக மூடிக்கொண்டு ரசிகர்களைப் பார்த்தது.

கூழைக்கடா மணியனிடம் கேட்டது. “மன்றத் தலைவரே! நீங்க முன் வரிசை. சொல்லுங்க, இவ என்ன சொன்னா?”

“நெத்தியடியாச் சொன்னாங்க!”

“அதான் என்னன்னு கேக்குறேன்.”

“சொன்னா சொன்னதுதான்!”

“யோவ், எதைச் சொன்னா?”

மணியனின் ஒட்டுமீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. “நான்... அந்த நேரத்துல... கத்திக்கிட்டிருந்தேன்.”

வாத்துகளைக் கேட்டார்கள். “தலைவி கையை ஆட்டினது தெரிஞ்சுது” என்றன. குரங்குகளைக் கேட்டார்கள். “மூக்கு விடைச்சிருந்துச்சு. ரொம்ப அழகா இருந்துச்சு!” என்றது ஒரு குரங்கு. என்ன சொன்னது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

கூழைக்கடாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. அதன் கண் சிலுப்பன் மேல் விழுந்தது. துள்ளிமேல் அதற்கு எவ்வளவு கோபம் என்று ஏரிக்கே தெரியும். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

“சிலுப்பா! நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே? இவ உன்னை ஊர் சிரிக்க வெச்சவ. உன் வேலையைப் பறிச்சவ. சாக்கடைன்னுதானே சொன்னா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். அடுத்த வருஷம் மரங்கொத்தி வேண்டாம். நீயே வந்து சிலுப்பு!”

சிலுப்பனுக்கு இது மூன்று வருடமாகக் காத்திருந்த நாள்! ஒரே ஒரு ‘ஆமா’. துள்ளி மூட்டை கட்டிவிடும். பழைய வேலையும் திரும்பி வரும். எதிரே வந்து ‘வணக்கம் ஐயா’ என்று யாரும் எரிச்சல் மூட்ட மாட்டார்கள்.

‘ஆ’ என்று வாயைத் திறந்தும் விட்டது.

ஆனால் ‘மா’ வரவில்லை.

சிலுப்பன் மனதுக்குள் யோசித்தது. ‘துள்ளி என்னைப் பற்றி நிஜத்தைச் சொல்லித்தான் என் மானத்தை வாங்கியது. நான் பொய்யைச் சொல்லி அதன் மானத்தை வாங்கினால், மூன்று வருடமாக நான் பொத்திப் பொத்தி வளர்த்த கோபத்துக்கே அது கேவலம் இல்லையா? எனக்கு வேண்டியது அது சொல்கிற பொய். நான் சொல்கிற பொய் எனக்கு எதற்கு?’

சிலுப்பன் எழுந்து முதுகை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. சடசடவென்ற சத்தத்தில் ஏரி திரும்பிப் பார்த்தது.

“எனக்கு இவளைப் பிடிக்காது. இன்னிக்கும் பிடிக்காது, நாளைக்கும் பிடிக்காது. அதனாலதான் இவ பேசினதை ஒரு எழுத்து விடாமக் கேட்டேன். இவ பேசின முதல் பேச்சு இது: ‘கிழக்குக் குட்டையில குஞ்சு மீனும் தலைப்பிரட்டையும் வளருது, மழை முடியுற வரைக்கும் அங்கே யாரும் வாய் வைக்கக் கூடாதுன்னு நாம எல்லாரும் சேர்ந்து வெச்ச சட்டம் இருக்கு.’”

“ஆமா, இருக்கு” என்றார்கள் எல்லோரும்.

“ரெண்டாவது பேச்சு: ‘உச்சி வெயில்ல நீங்க எல்லாம் தூங்குறப்ப அங்கே பிள்ளைங்க குறையுது, நம்ம மணியனோட பிள்ளைங்களும் அதுல உண்டு.’”

மணியன் மீதி மீசையையும் பிய்த்துப் போட்டது. தன் பிள்ளைகளுக்காகத் தலைவி பேசியபோது, அது அங்கேயே நின்று ‘நெத்தியடி’ என்று கத்திக்கொண்டிருந்தது!

“மூணாவது என்ன ஐயா?” என்று அது மெதுவாகக் கேட்டது.

“‘தின்கிறது யாருன்னா, இதோ எனக்கு மாலை போட நிக்கிறாரே, இவர்தான்!’”

“பொய்!” என்று கூழைக்கடா அலறியது. “இவனும் அவளோட சேர்ந்துட்டான்!”

“நானா? அவளோடயா?” சிலுப்பனுக்கு வந்த கோபத்தில் இரண்டு முட்கள் கழன்று விழுந்தன. “ஏரியில யாரை வேணும்னாலும் கேளு! மூணு வருஷமா அவகிட்ட ஒரு வார்த்தை பேசினது உண்டா நான்?”

அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். துள்ளியின் மாமியார்கூட இவ்வளவு பகை வைத்திருக்க மாட்டாள் என்றது ஒரு வாத்து.

“என்னை நம்ப வேண்டாம். குட்டைக்குப் போய்ச் சேத்தைப் பாருங்க. நேத்து கிழங்கு தோண்டப் போனப்ப நானே பார்த்தேன். அகலமான சவ்வுக்கால் தடம். நமக்கென்னன்னு வந்துட்டேன். அது என் தப்பு.”

மணியன் ஒரே தாவில் கிழக்கே பாய்ந்தது. மன்றம் முழுவதும் பின்னால் ஓடியது. சேற்றில் தடங்கள் வரிசையாக இருந்தன. ஓரத்தில் நீளமான வெள்ளைச் சிறகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது யாருடையது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. குட்டைக்குள்ளே ஆயிரக்கணக்கான தலைப்பிரட்டைகள் இன்னும் வாலை ஆட்டிக்கொண்டு விளையாடின. மணியன் தண்ணீருக்குள் தலையை விட்டு, “அப்பா வந்திருக்கேன்டா!” என்று கூவியது. எல்லாமே “அப்பா!” என்று ஒன்றாகத் திரும்பின.

அவர்கள் திரும்பி வருவதற்குள் கூழைக்கடா தடதடவென்று தண்ணீரில் ஓடி, எழும்பி, அடுத்த ஏரியைப் பார்த்துப் பறந்துவிட்டது. அவசரத்தில் வால் பக்கம் ஈரம் சொட்டிக்கொண்டே போனது. குரங்குகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன.

மணியன் மாலையை எடுத்துத் துள்ளியின் கழுத்தில் போட்டது. போட்டவுடன் சிலுப்பன் பக்கம் திரும்பி, “சிலுப்பன் ஐயா வாழ்...” என்று கத்தப் போனது.

“வாயை மூடுடா!” என்றது சிலுப்பன். “முதல்ல என்ன விஷயம்னு கேளு, அப்புறம் கத்து!”

மாலை விழுந்துவிட்டதால் துள்ளி இப்போது பேசலாம். அது சிலுப்பன் முன்னால் வந்து நின்றது. “ஐயா, என்மேல இருந்த கோபம் போயிடுச்சா?”

“போகலை.”

“அப்புறம் எனக்காக எதுக்குப் பேசினீங்க?”

“உனக்காக யார் பேசினா? காதுல விழுந்ததைச் சொன்னேன்.” பிறகு சிலுப்பன் முனகலாகச் சொன்னது. “அன்னிக்கு நான் தூங்கினது நிஜம்தான். அந்த ஆமைகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“இப்பவே போகலாம் வாங்க, ஐயா. அது அந்தக் கரையிலதான் இருக்கு.”

“உன்கூட வர மாட்டேன். நீ முன்னாடி போ. நான் பத்தடி பின்னாடி வர்றேன்.”

துள்ளி சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தது. சிலுப்பன் சரியாகப் பத்தடி பின்னால் நடந்தது. ரசிகர் மன்றம் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த இருவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதைத் தீட்டியபடி அவர்களுக்குப் பின்னால் போனது.

உள்ளதை உள்ளபடி பேசுகிறவருக்கு, ஆயிரம் பேர் கைதட்டுவதைவிட, அவர் என்ன பேசினார் என்று ஒருவர் காதுகொடுத்துக் கேட்டிருப்பதே பெரிய துணை.