காயப்போட்ட ஆறு கால்கள்

காத்தாடிப்பாளையத்து விமானக் கொட்டகையில் ஒரு குட்டி விமானமும் மூன்று மெக்கானிக்குகளும் இருந்தார்கள். விமானத்துக்கு மூளை கிடையாது. மற்ற மூவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர் பொங்கியண்ணன். அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நஞ்சப்பன் நம்பினான். நஞ்சப்பன் நம்பினால் வையாபுரியும் நம்பிவிடுவான். வருஷக்கணக்காக விமானத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்த இந்த மூவரும் ஒருநாள்கூட அதில் பறந்ததில்லை. பாவம், அந்த ஆசை அவர்களைத் தின்றுகொண்டிருந்தது.

"பறக்கறதுன்னா எப்படீங்ணா இருக்கும்?" என்று வையாபுரி கேட்பான்.

"காலு தரையில படாது. அவ்வளவுதான்டா" என்பார் பொங்கியண்ணன், பறந்து பறந்து சலித்துப்போனவர் மாதிரி.

ஒருநாள் காலை, விமானத்தை ஓட்டும் கேப்டன் துரைசிங்கம் அதில் ஏறப் போனார். இறக்கைமேல் கால் வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். மிதிக்கிற இடத்தில் சொரசொரப்பாக ஒரு கறுப்புப் பட்டை உண்டு. அது தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. கேப்டன் சறுக்கிக் கீழே வந்தார். அவர் கையிலிருந்த ஃபிளாஸ்க் பறந்துபோய் இறக்கை நுனியின் பிளாஸ்டிக் மூடியில் மோத, மூடியில் விரிசல் விழுந்தது.

"நல்லாக் கேட்டுக்கங்கப்பா" என்றார் கேப்டன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "விரிசலோட முனையில சின்னதா ஒரு ஓட்டை போடுங்க. ஓட்டையைத் தாண்டி விரிசல் ஓடாது. அப்புறம், மணலைச் சலிச்சு பெயின்ட்ல கலக்கி, கால் வழுக்காத மாதிரி பூசுங்க. காயற வரைக்கும் பூசின இடத்துல எதுவும் படக் கூடாது. சாயங்காலம் வர்றேன். வேலை சுத்தமா இருந்தா மூணு பேரையும் வானத்துல ஒரு சுத்து சுத்திக் காட்டறேன்."

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது.

வையாபுரி துளைக்கருவியை எடுத்து, சொன்னபடியே ஓர் ஓட்டை போட்டான். அதோடு விட்டிருந்தால் எனக்குக் கதை இல்லை. நஞ்சப்பனுக்கு ஒரு கவலை வந்தது.

"ஏனுங்ணா, இது இந்த விரிசலுக்கு ஆச்சு. நாளைக்கு அந்தப் பக்கமிருந்து ஒண்ணு கெளம்பினா?"

பொங்கியண்ணன் தாடையைச் சொறிந்தார். "வர்ற வழியெல்லாம் ஓட்டை போட்டு வெச்சுட்டா அது எங்கடா போகும்?"

போட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் மூடியில் ஓட்டைதான் இருந்தது, மூடி அங்கங்கே இருந்தது. இனி விரிசல் வந்தாலும் உட்கார இடமில்லை என்று மூவரும் பெருமைப்பட்டார்கள்.

அடுத்து மணல் சலிக்க வேண்டும். கொட்டகையில் சல்லடை இல்லை. திகைத்து நின்ற நஞ்சப்பன் மூடியைப் பார்த்தான், மணலைப் பார்த்தான், மறுபடியும் மூடியைப் பார்த்தான்.

"கேப்டன் எம்புட்டு யோசிச்சுச் சொல்லியிருக்காரு பாருங்ணா!" என்று உருகியே போனான். மூடியைக் கழற்றிச் சலித்தார்கள். மணல் அருமையாக விழுந்தது.

பெயின்ட் கலந்தாயிற்று. வையாபுரி பிரஷ்ஷோடு இறக்கையை நெருங்கும்போது பொங்கியண்ணன் கை நீட்டித் தடுத்தார்.

"இருடா. காலைல வழுக்குனது எது?"

"கேப்டனுங்ணா."

"கேப்டன்ல எது?"

"காலுங்ணா."

"இறக்கை வழுக்குச்சா?"

"இல்லீங்ணா. அது பாட்டுக்கு நின்ன எடத்துலயே நின்னுச்சு."

"அப்ப ஒண்ணும் பண்ணாத இறக்கைக்கு எதுக்குடா பூசறே?"

வையாபுரி பிரஷ்ஷை இறக்கையிலிருந்து கால் பக்கம் திருப்பினான். பறக்கப் போகிற நாளில் வழுக்கி விழுந்தால் மானம் போய்விடும் அல்லவா? ஒருவர் உள்ளங்காலில் ஒருவர் பூசிக்கொண்டார்கள். கூச்சம் தாங்காமல் நஞ்சப்பன் சிரித்து உருண்டதில் கொஞ்சம் பெயின்ட் பொங்கியண்ணன் மீசைக்கும் போனது. பூசின இடத்தில் எதுவும் படக் கூடாதே! மூவரும் கொட்டகைத் தரையில் மல்லாந்து படுத்து, ஆறு கால்களையும் மேலே தூக்கிக் காயப்போட்டார்கள்.

சாயங்காலம் கேப்டன் வந்தார்.

"என்னய்யா இது?"

"காயுதுங்க கேப்டன்" என்றார் பொங்கியண்ணன், படுத்தபடியே பணிவாக.

கேப்டன் மூடியைத் தேடினார். மணல் குவியலின்மேல் ஒரு சல்லடைதான் இருந்தது. விமானத்துக்கு உள்ளே என்ன பண்ணித் தொலைத்தார்களோ என்று பதறி, ஒரே தாவலாக இறக்கைமேல் ஏறினார். வழவழப்பு அப்படியேதான் இருந்தது. சறுக்கி வந்து, மூவருக்கும் பக்கத்தில் சாக்குக் குவியல்மேல் மல்லாந்து விழுந்தார். அவருடைய காலும் மேலேதான் இருந்தது.

"பூசாத காலு" என்று நஞ்சப்பன் பரிதாபப்பட்டான்.

வையாபுரி மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்ணா, நம்ம காலு தரையில படலீங்களே?"

பொங்கியண்ணன் தன் காலைப் பார்த்தார். மற்றவர்கள் காலைப் பார்த்தார். பெயின்ட் மீசை துடித்தது.

"கேப்டன், சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க!" என்று விம்மினார்.

"அட மடப்பசங்களா!" என்று கேப்டன் காலைக் கீழே ஊன்றி எழப் போனார்.

"ஐயோ, வேண்டாமுங்க!" என்று மூவரும் அலறி அவர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். "ஓட்டற நீங்களே இறங்கிட்டா நாங்க என்னங்க ஆவறது?"