கேள்விகள் மட்டும்

கோயம்புத்தூரில் ஒரு சிறிய வானொலி நிலையம். தொழிலையும் வணிகத்தையும் பற்றிப் புத்தகம் எழுதியவர்களை வாரம் ஒருவராக அங்கே அழைத்துப் பேசுவார்கள். பேட்டி எடுப்பவர் வான்மதி. எழுத்தாளர்கள் புத்தகத்தில் மறைத்ததை அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று பெயர்.

அவரிடம் பேட்டி எடுக்கக் கற்றுக்கொள்ள வந்தார் சதாசிவம். காப்பீட்டு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிட மாணவருக்குத்தான் வயது அதிகம். கை உடைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்தக் கை என்று கேட்டே பழகியவர்.

வந்த அன்றே கேட்டார்.

“எழுதினவர் பொய் சொல்றாரான்னு எப்படிங்க மேடம் கண்டுபிடிக்கிறது?”

“முதல்ல உட்கார்ந்து கேளுங்க சார்.”

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து சில மாதங்கள் கேட்டார். வந்த எழுத்தாளர்களில் ஒருவரையும் அவர் நம்பவில்லை. பேட்டி முடிந்து அவர்கள் படியிறங்கியதும் சொல்வார்: “இவர் ஏதோ விக்க வந்திருக்கார் மேடம்.”

வான்மதி சிரிப்பார். ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை.

ஒரு நாள் இரண்டு புத்தகங்களைச் சதாசிவத்தின் கையில் கொடுத்தார்.

“இந்த ரெண்டு பேரையும் நீங்களே பேட்டி எடுங்க.”

முதல் புத்தகம் பங்குச் சந்தை பற்றியது. எழுதியவர் மகுடபதி. அட்டையில் அவரே காரில் சாய்ந்துகொண்டு நின்றார். இரண்டாவது புத்தகத்தின் அட்டையில் ஒரு மண்பானை மட்டும் இருந்தது. எழுதியவர் திருமேனிநாதன். மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு கிராமத்தைப் பற்றியது. அங்கே மாராயி என்றொரு பெண். அவளும் ஊர்ப் பெண்களும் எந்த வங்கிக்கும் போகாமல், எவரிடமும் கைநீட்டாமல், ஒரு மளிகைக் கடை தொடங்கி நடத்துகிறார்கள். பேராசை இல்லாமலும் வியாபாரம் செய்யலாம் என்பதுதான் புத்தகம்.

சதாசிவம் முதல் புத்தகத்தைப் பென்சிலோடு படித்தார். இரண்டாவதைப் படித்து முடித்ததும் மகள் கயல்விழியிடம் கொடுத்தார்.

“படிச்சுப் பாரு. எவ்வளவு நாளா நான் சொல்லிட்டிருக்கிறதை இவர் எழுதியிருக்கார்.”

மகுடபதி வாசனைத் திரவியம் கமகமக்க வந்தார். நாற்காலியில் உட்காரும்போதே பேச ஆரம்பித்துவிட்டார். சதாசிவம் விடவில்லை.

“இந்த லாபத்துக்கு என்னங்க ஆதாரம்?”

“நஷ்டப்பட்டவங்க யாரும் உங்களைத் தேடி வரலீங்களா?”

“நீங்க சொல்ற கம்பெனியில உங்களுக்குப் பங்கு இருக்குதுங்களா, இல்லீங்களா?”

மகுடபதிக்கு வியர்த்தது. இருந்தாலும் பதில் சொன்னார். பங்கு இருக்கிறது என்றார். ஒரு முறை மாமனார் வீட்டுப் பணத்தையும் சேர்த்துத் தொலைத்திருக்கிறேன், அது மூன்றாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது என்றார். சதாசிவம் புரட்டிப் பார்த்தார். இருந்தது.

மறுநாள் திருமேனிநாதன் வந்தார். கதர்ச் சட்டை, மெல்லிய குரல். தேநீர் கொண்டுவந்தவரை எழுந்து நின்று கும்பிட்டார். மாராயியைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. கேட்டுக்கொண்டிருந்த சதாசிவம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பேட்டி முடிந்ததும் வெளியே வந்து சொன்னார். “இவரை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதுங்க மேடம்.”

 வான்மதி ஒலிப்பதிவுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

அடுத்த நாள் சதாசிவத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ரெண்டு பேட்டியிலயும் அவங்க பதிலை எல்லாம் வெட்டிட்டேன். நீங்க பேசினது மட்டும் இருக்கு. கேளுங்க.”

முதல் பேட்டி ஓடியது. ஆதாரம் என்னங்க? எந்த வருஷம்? யார் பார்த்தது? அப்புறம் ஏன் மாத்திச் சொன்னீங்க? குரல் கறாராக இருந்தது. சதாசிவத்துக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாவது ஓடியது.

“ஆமாங்க.”

“அடடா.”

“ரொம்பச் சரிங்க.”

“அதைத்தாங்க நானும் சொல்றது.”

“ஆமாங்க, ஆமாங்க.”

கொஞ்ச நேரத்தில் அதுவும் முடிந்துவிட்டது. 

சதாசிவம் கீழே பார்த்தபடி கேட்டார். “அப்போ அவர் பொய் சொல்றாருங்களா மேடம்?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்க கேட்கவே இல்லையே.”

அன்று வீட்டுக்குப் போனபோது கயல்விழி அப்பாவுக்காகக் காத்திருந்தாள். மாராயி புத்தகம் அவள் மடியில் இருந்தது.

“அப்பா, ஸ்கூல் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். நாங்க நாலு டீச்சர் சேர்ந்து இதே மாதிரி ஒரு கடை போடப் போறோம். கடைசிப் பக்கத்துல பார்த்தீங்களா? அவரே பயிற்சி முகாம் நடத்தறாராம். கட்டணம் கட்டிட்டா எல்லாம் சொல்லித் தராங்களாம்.”

சதாசிவம் கடைசிப் பக்கத்தைப் பார்த்திருக்கவில்லை. வாங்கிப் பார்த்தார். முகாமின் விவரமும் தொலைபேசி எண்ணும் இருந்தன.

“ரெண்டு நாள் பொறும்மா,” என்றார்.

“ஏம்ப்பா? நீங்கதானே படிக்கச் சொன்னீங்க?”

 அன்று இரவு சதாசிவம் பென்சிலை எடுத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை முதலில் இருந்து படித்தார்.

திருமேனிநாதனை மறுபடி அழைத்தார். பேட்டியில் சில இடங்கள் விட்டுப்போய்விட்டன என்றார். அவர் சந்தோஷமாகவே வந்தார். வான்மதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

“மாராயி அம்மாவைப் பார்க்கணுமுங்க. எந்த ஊர்?” என்று கேட்டார் சதாசிவம்.

திருமேனிநாதன் புன்னகைத்தார். “அவங்க வெளியாட்களைப் பார்க்க விரும்ப மாட்டாங்க.”

“போன்ல பேசலாமுங்களா?”

“போன் எல்லாம் அவங்ககிட்ட இல்லீங்க.”

“கடைக்குப் பேர் என்னங்க?”

திருமேனிநாதன் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாராயிங்கறது ஒருத்தி இல்லீங்க. நான் நிறையப் பெண்களைப் பார்த்தேன். எல்லாரையும் சேர்த்து ஒருத்தியா எழுதினேன். படிக்கிறவங்களுக்கு மனசுல நிக்கணும் இல்லீங்களா?”

“கடை?”

“கடை நிஜமுங்க. நான் போய்ப் பார்த்த கடை.”

“இப்ப நடக்குதுங்களா?”



“மூடிட்டாங்க. அவங்களுக்குள்ள சண்டை வந்துருச்சு.”

“புத்தகத்துல அது இல்லீங்களே.”

“நான் எழுதும்போது நடந்துட்டிருந்ததுங்க.”

“அதுக்கப்புறம் எத்தனையோ பதிப்பு வந்திருச்சே?”

திருமேனிநாதனின் மெல்லிய குரல் முதல் முறையாக உயர்ந்தது. “நீங்க பேட்டி எடுக்கிறீங்களா, விசாரணை பண்றீங்களா? போன தடவை அவ்வளவு நல்லாப் பேசினீங்களே!”

“போன தடவை நான் கேள்வியே கேட்கலீங்க,” என்றார் சதாசிவம்.

அந்தப் பேட்டி முழுவதுமாக ஒலிபரப்பானது. பேட்டியின் நடுவே எழுந்துபோகாமல் கடைசிவரை உட்கார்ந்து பதில் சொன்னதற்காகத் திருமேனிநாதனைச் சிலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். சிலர் திட்டி எழுதினார்கள். கயல்விழி சமையலறையில் நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் வானொலியை அணைத்தாள்.

“அப்போ மாராயின்னு யாரும் இல்லையாப்பா?”

“இல்லம்மா.”

 அவளுக்கு அப்பா மேல்தான் கோபம் என்பது முகத்தில் தெரிந்தது.

“கடை போடணும்னா போடத்தான் போறேன். ஆனா இப்போதைக்கு வேலையை விடலை. அந்தக் கடையை ஏன் மூடினாங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். அதை எழுதினவங்க யாராவது இருக்காங்களா?”



மறுநாள் சதாசிவம் நிலையத்துக்குப் போய் வான்மதியின் முன்னால் உட்கார்ந்தார். ஒருவரைப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவரிடம் இல்லை.

“நல்ல மனுஷன்னு நினைச்சேன் மேடம்.”

“நல்ல மனுஷனாவும் இருக்கலாம் சார்.”

“கார்ல சாஞ்சு நின்னவர் உள்ளதைச் சொன்னார். மண்பானைக்காரர் மறைச்சார். இனிமே எதை வச்சு ஒருத்தரை நம்பறது? உங்களை மாதிரி ஒருத்தர் கூட இருந்து சொன்னாத்தான் உண்டு.”

வான்மதி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். அச்சகத்தில் இருந்து அன்று காலைதான் வந்திருந்தது. வணிக நூல் எழுதியவர்களோடு தான் நடத்திய உரையாடல்களைப் பற்றி அவரே எழுதியது. அட்டையில் அவர் பெயர்.

சதாசிவத்தின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளாலும் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“அடுத்த வாரம் இந்தப் புத்தகத்துக்குத்தான் பேட்டி. எடுக்கப் போறது நீங்க,” என்றார் வான்மதி.

“நானா? உங்களையா?” சதாசிவம் சிரித்தார். “நீங்க எழுதினதுல நான் கேட்கிறதுக்கு என்ன மேடம் இருக்கு?”

“நான் உங்ககிட்ட இதுவரைக்கும் பொய் சொன்னதில்லைன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

சதாசிவம் சிரிப்பை நிறுத்தினார். மேசையின் அந்தப் பக்கம் இருந்த முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.