கொடி இறங்கும்போது விழுந்த கோல்

அந்த ராணுவ அகாடமியில் கற்றுக்கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். டிரில் உஸ்தாத், ரைஃபிள் உஸ்தாத், நீச்சல் உஸ்தாத். கால்பந்து உஸ்தாத்தின் பெயர் ஹவில்தார் சூசைநாயகம். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். வயது முப்பத்து மூன்று.

உஸ்தாத்துக்கும் சீடருக்கும் நடுவே அங்கே ஒரு வினோதம் உண்டு. கேடட் பயிற்சி முடித்து அதிகாரியாகித் தோளில் நட்சத்திரம் குத்திக்கொள்ளும் அன்று, முந்தின வாரம்வரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்ட உஸ்தாத்தே எதிரே வந்து நின்று சல்யூட் அடிப்பார். அதனால் சூசைநாயகம் தண்டனை கொடுக்கும்போதுகூட மரியாதை குறைப்பதில்லை. தயவுசெய்து பத்துச் சுற்று ஓடிவிட்டு வாருங்கள் மேடம் என்பார். ஏன் என்று கேட்டால், பதினைந்தாக ஓடுங்கள் மேடம் என்பார்.

அதிகம் ஓடியவள் மங்கையர்க்கரசி, சுருக்கமாக அரசி. விருத்தாசலத்துப் பெண். சட்டம் படித்துவிட்டு ராணுவத்துக்கு வந்தவள். நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்ட அதிகாரியிடமே, கேள்வியில் இருக்கும் பிழையை எடுத்துச் சொன்னவள் என்று பேச்சு. பெண்கள் அணிக்கு அவள்தான் கேப்டன், அவள்தான் கோல்கீப்பர்.

ஒவ்வொரு வருடமும் நகரத்துப் பெண்கள் கல்லூரி அணியோடு ஒரு கோப்பை ஆட்டம் உண்டு. அந்தக் கோப்பையை அகாடமிப் பெண்கள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. இந்த வருடம் தொட்டுவிடலாம் என்றிருந்தது. இதை விட்டால் அரசிக்கு அடுத்த வருடம் கிடையாது. அதற்குள் பனியிலோ பாலைவனத்திலோ போய் நின்றிருப்பாள்.

ஆட்டம் நான்கு மணிக்கு என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருந்தது. ஆனால் ஆண்கள் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், பிறகு பெனால்டிக்கும் போய், ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் மைதானம் கிடைத்தது. அதுவரை இருபத்திரண்டு பெண்கள் கோட்டுக்கு வெளியே குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது அங்கே வழக்கம்.

ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொடிக்கம்பத்தடியில் பிகில் என்ற ஊதுகொம்பு ஒலித்தது.

சூரியன் மறையும்போது கொடியை இறக்குவார்கள். பிகில் கேட்டதும் அகாடமிக்குள் யார் எங்கே இருந்தாலும் கொடியைப் பார்த்து அட்டென்ஷனில் நிற்க வேண்டும். சைக்கிளில் போகிறவர் இறங்கி நிற்பார். சமையல்காரர் கரண்டியோடு நிற்பார். ஒன்றுக்கு ஒன்று என்றிருந்த ஆட்டத்தில் பதினொரு கேடட்களும் நின்ற இடத்தில் விறைத்து நின்றார்கள்.

கல்லூரிப் பெண்களுக்கு இது தெரியாது. ஒன்பதாம் நம்பர்ப் பெண்ணிடம் பந்து இருந்தது. அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். சிலைகளுக்கு நடுவே பந்தை மெதுவாகத் தட்டிக்கொண்டு போனாள். பயந்து பயந்துதான் உதைத்தாள். பந்து உருண்டு, கம்பத்தை முத்தமிட்டு உள்ளே போனது. நடுவர் வெளியூர்க்காரர். விசில் அடித்து, கோல் என்று கை காட்டினார்.

மிச்ச நேரமெல்லாம் முட்டி மோதியும் அகாடமிக்கு ஒரு கோல் வரவில்லை. ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது ஒன்பதாம் நம்பர்ப் பெண், “அக்கா, எதுக்கு எல்லாரும் அப்படியே நின்னுட்டீங்க?” என்று உண்மையாகவே கேட்டாள். அரசிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பதில் வரவில்லை.

பதிலெல்லாம் மனுவில் வந்தது. ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆட்சேப மனு கொடுக்கலாம் என்று விதி. பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டும். மனுவை ஏற்றுக்கொண்டால் கோல் செல்லாது. பெண்கள் ஆட்டம் சமனில் முடிந்தால் கோப்பை மைதானத்துக்குச் சொந்தக்கார அணிக்கு. அரசி மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனாள்.

சூசைநாயகம் கோல் வலையின் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு மனுவை வாங்கினார். அவர் படித்து முடிக்கும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை. கடமையைச் செய்தவர்கள் தோற்பது எந்த ஊர் நியாயம் என்றாள். கொடிக்கு மரியாதை செய்தது எங்கள் குற்றமா என்றாள். நின்ற பதினொரு பேரில் ஒருத்தி அசைந்திருந்தால்கூட இந்த மனுவைக் கிழித்துப் போடத் தயார் என்றாள்.

உஸ்தாத் மூன்றாம் பக்கத்தையும் முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்தார்.

“ஆண்கள் ஆட்டம் இழுத்துக்கிட்டே போனது இதுல இல்லையே மேடம்?”

“அது எப்பவும் நடக்கிறதுதானே உஸ்தாத்.”

“ஒரு தடவை நடந்ததுக்கு மூணு பக்கம். எப்பவும் நடக்கிறதுக்கு ஒரு வரிகூட இல்ல.”

அது வேறு விஷயம் என்றாள் அரசி. இப்போது பேச்சு கோலைப் பற்றி.

“சரி, கோலைப் பத்தியே பேசுவோம். நல்லா எழுதியிருக்கீங்க. பந்து இடது கம்பத்துல பட்டு, முழங்கால் உயரத்துல உள்ளே போச்சுன்னு.”

“ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.”

“கொடிக்கயிறு எந்த இடத்துல சிக்குச்சு மேடம்?”

“எந்தக் கயிறு?”

“கொடிக்கயிறு. பாதி இறங்கும்போது கப்பியில சிக்கிடுச்சு. இறக்குன சிப்பாய் ரெண்டு தடவை வெட்டி இழுத்துத்தான் வந்திருக்கு. உங்களுக்கு நேர் எதிர்லதானே கம்பம்.”

மைதான விளக்கின் வெளிச்சத்தில் அரசி கொடிக்கம்பத்தைப் பார்த்தாள். எதிர் கோலுக்குப் பின்னால், மைதானத்தில் எங்கே நின்றாலும் தெரிகிற உயரத்தில் அது நின்றது. இப்போது அதில் ஒன்றும் இல்லை.

காலும் கையும் அசையவில்லை உஸ்தாத் என்று சொல்ல நினைத்தாள். சட்டப்படி அது சரியான வாதம்தான். சொன்னால் தனக்கே சிரிப்பு வந்துவிடும் என்று தோன்றியது.

ஆனாலும் அரசி அரசிதான். எதிர்த்தரப்புச் சாட்சியை விசாரிக்காமல் விட்டுவிடுவாளா?

“நீங்க பார்த்தீங்களா உஸ்தாத், கயிறு சிக்கினதை?”

“இல்ல மேடம்.”

“பின்னே எப்படித் தெரியும்?”

“அந்தச் சிப்பாயே வந்து கேட்டான். கயிறு சிக்குனதைக் கவனிச்சீங்களா, மேலே சொல்லிடாதீங்கன்னு. அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

“நீங்களும் அட்டென்ஷன்லதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“அப்போ எதைப் பார்த்தீங்க?”

சூசைநாயகம் மனுவின் இரண்டாம் பக்கத்தை எடுத்து ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார்.

“முழங்கால் உயரம்னு போட்டிருக்கீங்க. தப்பு. தரையோடதான் உருண்டு போச்சு. திருத்திக்கிடுங்க.”

அரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வலையைக் கையில் வைத்துக்கொண்டே உஸ்தாத்தும் சிரித்தார். அந்தப் பக்கம் கல்லூரிப் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கோப்பையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்கள் பாடிக்கொண்டு போனார்கள். சுருதி துளியும் சேரவில்லை.

மனு கொடுக்க இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. அரசி மூன்று பக்கத்தையும் குறுக்கே கிழித்தாள். உஸ்தாத்தின் வருகைப் பதிவேட்டிலிருந்து வெள்ளைத்தாள் ஒன்றை அனுமதி கேட்காமலே உருவினாள். தரையில் உட்கார்ந்து, பெண்கள் ஆட்டத்துக்கு நான்கு மணி என்று அறிவித்தால் நான்கு மணிக்கே மைதானம் தர வேண்டும் என்று எழுதினாள். அதற்கு மேல் எழுத ஒன்றும் இருக்கவில்லை. உஸ்தாத் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

“உஸ்தாத், பிகிலை மதிக்காமல் நான் பாய்ஞ்சு பிடிச்சிருந்தா?”

“ஏழு நாள் எக்ஸ்ட்ரா டிரில் போட்டிருப்பேன் மேடம். வெயில்ல.”

“சரி.”

“ஏழு நாளும் டீ நானே கொண்டு வந்திருப்பேன்.”

அரசி கையிலிருந்த தாளை மடித்தாள்.

“பந்தைப் பார்க்காமல் கொடியையே பார்த்துக்கிட்டு நின்னிருந்தா?”

“அதுக்கும் கொண்டு வந்திருப்பேன்.”

“இன்னைக்கு?”

சூசைநாயகம் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இன்னைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் டீ கிடையாது மேடம்.”