கடைசித் தாள்

"பேச்சியம்மா பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேங்கா சாமி. காலாண்டுத் தாள் கொடுத்த அன்னைக்குப் போனவதான்."

வேலம்மாள் டீச்சர் உட்கார்ந்தும் உட்காராமலும் சொன்னாள். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். ஞாயிற்றுக்கிழமையானால் மலையடி மடத்துக்கு வந்துவிடுவாள்.

மடத்துக் குருவுக்கு அவளைவிட வயது குறைவு. அதை அவள் மன்னித்து ரொம்ப நாளாயிற்று.

"தாளை எப்படிக் கொடுப்பீங்க டீச்சர்?"

"எல்லாரும் கொடுக்கிற மாதிரிதான். கூட மார்க் எடுத்தவளை முதல்ல கூப்பிடுவேன். அப்படியே இறங்கி வருவேன். அப்பத்தானே போட்டி போட்டுப் படிக்கும்?"

"பேச்சியம்மா?"

"அவ எப்பவும் கடைசி. அவ பேரை மட்டும் கூப்பிட மாட்டேன் சாமி. பிள்ளை கூசிப் போயிரும். தாளை மேசையில வச்சிட்டுப் பேசாம இருந்திருவேன். அவளே வந்து எடுத்துக்கிடுவா."

சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிந்தது. பாவம், நல்ல மனசுக்காரிதான்.

குரு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

மடத்துக்கு வந்திருந்தவர்களுக்கெல்லாம் அடுப்படியிலிருந்து ஓலைக்கொழுக்கட்டைத் தட்டு வந்தது. மற்ற நாளில் அவரவரே எடுத்துக்கொள்வார்கள். அன்று குரு தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"சண்முகம் அண்ணாச்சி, வாங்க."

அண்ணாச்சி எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"மாரித்தாய் அக்கா."

டீச்சர் முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்த்தாள். பாதிப் பேர் வாங்கியானதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்த லாரி டிரைவர் தங்கப்பாண்டியைக்கூடக் கூப்பிட்டாயிற்று.

நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

தட்டில் ஒன்று மிஞ்சியது.

குரு தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

எல்லோரும் தின்றுகொண்டே டீச்சரைப் பார்த்தார்கள். தட்டு எட்டிப்பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

குரு ஈரக் கையோடு திரும்பி வந்தார்.

"எடுத்துக்கிடலையா டீச்சர்? உங்களோடதுதான். எல்லாருக்கும் தெரியுமே."

டீச்சர் தட்டைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"ஒவ்வொரு பரீட்சைக்கும் எந்திச்சு வந்து எடுத்திருக்கா சாமி," என்றாள். "அத்தனை பிள்ளைகளும் பார்த்துட்டு இருக்க, எந்திச்சு வந்து எடுத்திருக்கா."

குரு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொழுக்கட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"வேலம்மா அக்கா," என்றார்.

அவள் அதைத் தின்னவில்லை. ஓலையோடு முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் வீட்டு வாசலில் டீச்சர் நின்றாள். முதல் தாளுக்குக் கூப்பிடுகிற அதே குரலில், தெருவுக்கே கேட்கும்படி, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

உள்ளே பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது.