வேலம்மாள் வழக்கு

“மேடம், அந்த அம்மாவுக்கு என்னதான் வேணுமாம்?”

வக்கீல் நல்லசிவம் தீர்ப்பு நகலை மேசைமேல் பொத்தென்று போட்டார். தலை நரைத்த பிறகு சமரசம் பேசக் கற்றுக்கொள்ளலாம் என்று சமரச மையத்தில் ஜெபக்கனியிடம் சேர்ந்தவர். ஜெபக்கனி அவரைவிட இளையவர்.

“பொம்பளைப் பிள்ளைக்கும் சம பங்குன்னு நான் போராடி வாங்கின தீர்ப்பு. ‘வேலம்மாள் வழக்கு’ன்னு சட்டக் கல்லூரியில பாடம் நடத்துறாங்க. அண்ணன்காரர் பாதி நிலத்தைத் தர்றேன்னு வந்து வெளியே உட்கார்ந்திருக்கார். இந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்குது.”

“கேட்டீங்களா?”

“கேக்காமலா? பங்குக்கு மேல என்ன வேணும்னு தொண்டை வத்தக் கேட்டாச்சு.”

“பங்கைப் பத்திக் கேட்டிருக்கீங்க.”

இதுதான் நல்லசிவத்துக்கு எரிச்சல். இந்த அறையில் எதைக் கேட்டாலும் நேராக ஒரு பதில் வராது.

ஜெபக்கனி அண்ணனையும் தங்கையையும் உள்ளே கூப்பிட்டார். தீர்ப்பை வேலம்மாள் பக்கம் தள்ளினார்.

“இதுல நீங்க பேசினது எங்கம்மா இருக்கு?”

“நான் எங்க பேசினேன்? சார் பேசினாரு. அண்ணனுக்கு அவரு வக்கீல் பேசினாரு.”

“இப்ப நீங்க பேசுங்க.”

வேலம்மாள் அண்ணன் சுடலைமணியைப் பார்த்தாள்.

“வேத்துச் சாதியில கட்டினேன்னு நம்மளப் பெத்த அய்யா செத்ததுக்குச் சொல்லிவிடலை. போகட்டும். சாகும்போது அய்யா என்னைக் கேட்டாரா?”

“மேடம், இது வழக்குக்குச் சம்பந்தம்...”

ஜெபக்கனி திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

சுடலைமணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டாரு. ‘பாப்பா வந்துட்டாளா, பாப்பா வந்துட்டாளா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. வந்துக்கிட்டிருக்கான்னு பொய் சொன்னேன்.”

வேலம்மாளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.

வழக்கு நடந்த அத்தனை வருஷமும் அவள் கோர்ட்டில் நல்லசிவத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதில்லை.

அவர் பழக்கத்தில் பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். ஜெபக்கனி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“அப்ப நான் என்னதான் மேடம் செய்யணும்?”

“வெளியே வாங்க. கதவைச் சத்தமில்லாம சாத்துங்க.”