மேடையில் எண்பது சேர்

எங்கள் தாலுகாப் புத்தகத் திருவிழாவில் நாவலாசிரியர் அமுதவாணரின் நூல் வெளியீடு. எண்பது சேரில் நாலு பேர்தான். அதில் ஒருவர் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வந்தவர்.

வாடகைக்குச் சேர் போட்டிருந்த துளசிமணியை அமுதவாணர் கூப்பிட்டார். "இந்தாம்மா, பத்து நிமிஷத்துல ஒரு சேரும் காலியா இருக்கக் கூடாது. இல்லேன்னா அடுத்த வருஷம் இந்த வேலை உனக்கில்ல. விழாக் குழுவுல சொல்லிருவேன்."

"ஆகட்டுங்க" என்ற துளசிமணி எல்லாச் சேரையும் தூக்கி மேடையில் போட்டாள். "மேடையில உட்கார ஆள் வேணுமுங்க" என்று மைக்கில் சொன்னாள். பஜ்ஜிக் கடை வரிசையே கலைந்து ஓடி வந்தது. எண்பதும் நிறைந்தது.

மேடையில் இருப்பவர்களைப் பேர் சொல்லி அழைக்காமல் பேச்சைத் தொடங்க முடியுமா? எண்பது பேரையும் எழுதி வாங்கிய பட்டியலைத் துளசிமணி நீட்ட, அமுதவாணர் வாசித்தார். பஜ்ஜிக் கடைக்காரர், தன்னைத் 'தொழிலதிபர்' என்று சொல்லவில்லையே என்று முறைத்ததால், மறுபடி முதலிலிருந்து வாசித்தார். எழுபத்தெட்டாவது பேரில் அவருடைய நேரம் முடிந்து, பட்டிமன்றக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"கீழே கேக்க ஒரு ஆள் இல்லையேம்மா" என்று துளசிமணி மேல் பாய்ந்தார் அமுதவாணர்.

"சேருக்குத்தானுங்களே ஆள் கேட்டீங்க. கதைக்கு ஆள் சேக்கறது உங்க வேலைங்க."

அமுதவாணர் குழுவிடம் போனார். அவருக்கு முன்பே எண்பது பேரும் கையெழுத்துப் போட்ட மனு அங்கே போயிருந்தது: அடுத்த வருஷமும் துளசிமணியே சேர் போட வேண்டும், அதே இடத்தில்.